கிணற்றுத் தண்ணியில் நாலு மலைத் தேயிலை

எங்கள் வீட்டில் தேத்தண்ணி என்றால் சாயம் கூடின பிளேன்ரீயும் கையில் ஒரு துண்டு பனங்கட்டியும்தான். கிறீன் ரீயை ‘வைக்கல் ஊறின தண்ணி’ என்று அம்மா ஒரே சொல்லில் தள்ளிவிடுவா. போன மாதம் நாலு மலைகளின் பச்சைத் தேயிலை வீட்டில் ஒன்றுசேர்ந்தது. நுவரெலியாத் தேயிலை இங்கே கடையில் வாங்கியது. நீலகிரியும் டார்ஜிலிங்கும் அண்ணா சென்னையிலிருந்து கொண்டுவந்தவை. சீனாவின் ஹுவாங்ஷான் மாவோஃபெங் கனடாவிலிருந்து வந்த மச்சாளின் பையில் இருந்தது. 200 மில்லிலீற்றர் தண்ணிக்கு 3 கிராம், இரண்டு நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்தோம்.

முதல் நாள் ஏமாற்றம்தான். நாலு கோப்பையிலும் ஒரே மங்கல் மஞ்சள், மேலே மெல்லிய ஆடை, வாசமே இல்லை. குற்றம் தேயிலையில் இல்லை, எங்கள் கிணற்றில். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. தண்ணியில் இருக்கும் கல்சியம் தேயிலைச் சாற்றோடு சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் அமுக்கிவிடும். கறுப்புத் தேத்தண்ணியின் கடுப்பில் இது அவ்வளவாகத் தெரியாது. பச்சைத் தேயிலை மென்மையானது, உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த நாள் கூரைப் பீலியில் பிடித்துவைத்த மழைத்தண்ணியைக் கொதிக்கவைத்து, கேத்தில் மூடியைத் திறந்து கொஞ்சம் ஆறவிட்டு, ஏறக்குறைய 80 பாகையில் ஊற்றினோம். நாலும் நாலு விதமாக வந்தன.

மாவோஃபெங்தான் எல்லாவற்றிலும் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொட்டும் இளம் இலையும் பூஞ்சை மயிரோடு அப்படியே தண்ணியில் விரிந்தன. பயற்றம் பணியாரத்துக்குப் பயறு வறுக்கும்போது வருமே ஒரு வாசம், அது. விழுங்கின பிறகும் நாக்கில் இனிப்பு நின்றது. நான் முதலில் உயரம்தான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் ஹுவாங்ஷானின் உச்சிச் சிகரமே 1864 மீற்றர்தான், நுவரெலியா நகரமே 1868 மீற்றரில் இருக்கிறது. வேறுபாடு குளிர்காலத்தில் இருக்கிறது. அங்கே செடி பனிக்காலம் முழுக்க உறங்கி, சேர்த்துவைத்த சத்தோடு வசந்தத்தில் முதல் மொட்டை விடுகிறது. இனிப்பைத் தரும் அமினோ அமிலங்கள் அந்த மொட்டில் கூடுதலாக இருக்கும். மலையகத்தில் எங்கள் சனம் ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்கிறார்கள். செடிக்கும் ஓய்வில்லை, அவர்களுக்கும் இல்லை.

ஆனாலும் நுவரெலியாவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெளிறின நிறம், சுத்தமான வாசம், முடிவில் ஒரு சின்னத் துவர்ப்பு. பனங்கட்டியோடு ஒத்துப்போனது இது ஒன்றுதான். மாவோஃபெங்கோடு பனங்கட்டி கடித்தால் தேயிலையின் ருசி செத்துப்போகும்.

நீலகிரி மென்மையானது, பூ வாசம் உள்ளது. ஒரு நிமிடம் கூடுதலாக ஊறினாலும் கசக்கவில்லை, அதனால் பழக்கமில்லாதவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன். அம்மா முழுக் கோப்பையும் குடித்தது இதைத்தான். டார்ஜிலிங் எனக்குப் பிடிக்கவில்லை. வாசம் நல்லது, ஆனால் சூடு சற்றுக் கூடினாலே துவர்ப்பு முன்னுக்கு வந்துவிடுகிறது.

சரி, ஆண்டு முழுக்க மழைத்தண்ணிக்கு எங்கே போவது? கிணற்றுத் தண்ணியையே நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பில் ஒரு பகுதி வெள்ளையாக அடியில் படியும். மேல் தண்ணியை மட்டும் இறுத்தெடுத்துத் திரும்பச் சூடாக்கி நுவரெலியாவைப் போட்டேன். மழைத்தண்ணி அளவுக்கு இல்லை, ஆனால் ஆடை குறைந்தது, வாசம் திரும்பி வந்தது. இப்போது காலையில் அதுதான். மச்சாள் தந்த பொட்டலத்தை இறுக்கிக் கட்டி, ஐப்பசி மழைக்காக எடுத்துவைத்திருக்கிறேன்.