எச்சரிக்கை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? வல்கனின் சோதனை நிலை நீட்சிகளுக்கான ஆவணம்: ஒரு மதிப்புரை

வரைகலை நிரலகம் ஒன்றில் இன்னும் முடிவாகாத செயற்கூறுகளை ஆவணப்படுத்துவது, நிலைபெற்றவற்றை ஆவணப்படுத்துவதைவிடக் கடினமான வேலை. நிலைபெற்ற செயற்கூறுக்கு அது என்ன செய்கிறது என்ற விளக்கம் போதும். சோதனை நிலையில் இருப்பதற்கோ, எந்தப் பகுதி மாறக்கூடும், ஏன் இன்னும் முடிவாகவில்லை, மாறும்போது ஏற்கெனவே எழுதிய நிரலில் எதைத் திருத்த வேண்டியிருக்கும் என்பனவும் சேர்ந்து தேவைப்படுகின்றன. தரநிலைகளை வகுக்கும் அமைப்பான குரோனோஸ் குழுமம் 2016 பிப்ரவரியில் வெளியிட்டு, இன்றுவரை தொடர்ந்து திருத்திவரும், வல்கன் என்ற வரைகலை நிரலகத்தின் விவரக்குறிப்பின் சோதனைப் பகுதிகளை இந்தக் கேள்விகளோடு படித்துப் பார்த்ததன் விளைவே இந்த மதிப்புரை.

முதலில் பாராட்ட வேண்டியது எல்லைக்கோடு. இடைக்கால நீட்சிகளுக்கான, அதாவது இன்னும் சோதனை நிலையிலுள்ள கூடுதல் வசதிகளுக்கான, அறிவிப்புகள் அனைத்தும் ‘பீட்டா’ என்ற பெயருள்ள தனித் தலைப்புக் கோப்பில் வைக்கப்பட்டுள்ளன. அதற்குரிய மேக்ரோவை (தொகுப்பானுக்குக் குறிப்புணர்த்தும் பெயரை) நிரலாளரே வரையறுத்தாலொழிய அந்தக் கோப்பு தொகுப்பில் சேர்வதில்லை. இத்தகைய நீட்சிகள் பின்னிணக்கம் இல்லாத வகையில் (ஏற்கெனவே எழுதிய நிரலோடு பொருந்தாதபடி) மாறக்கூடும் என்பதையும், பயனர்களுக்கு வெளியிடும் மென்பொருளில் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் விவரக்குறிப்பு சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறது. தலைப்புக் கோப்புகளும் விவரக்குறிப்பில் வரும் அறிவிப்புகளும் ஒரே எக்ஸ்எம்எல் பதிவேட்டிலிருந்து உருவாக்கப்படுவதால், ஆவணம் ஒன்று சொல்ல, தலைப்புக் கோப்பு வேறொன்று சொல்லும் வழக்கமான தொல்லையும் இங்கே பெரும்பாலும் இல்லை.

அதைவிட மதிப்புள்ளது, நீட்சிப் பக்கங்கள் பலவற்றின் அடியில் வரும் ‘சிக்கல்கள்’ என்ற பகுதி. வடிவமைத்தவர்களுக்கு எழுந்த கேள்வியும், அதற்கு அவர்கள் கண்ட விடையும், அது தீர்ந்ததா இல்லையா என்ற குறிப்பும் அங்கே வரிசையாகக் கிடைக்கின்றன. ஒளிக்கதிர்களின் தடத்தைப் பின்பற்றிக் காட்சியை வரையும் ரே டிரேசிங் நீட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. என்விடியாவின் 2018 நீட்சியை அடியொற்றி, 2020 மார்ச் மாதம் 1.2.135 பதிப்போடு இடைக்கால வடிவில் வந்த அது, அதே ஆண்டு நவம்பரில் 1.2.162 பதிப்பில் இறுதி வடிவம் பெற்றபோது பல நீட்சிகளாகப் பிரிந்திருந்தது. முன்பு, கதிர் எதில் மோதுகிறது என்று விரைவாகத் தேட உதவும் முடுக்கக் கட்டமைப்புக்கென்று நினைவகத்தைத் தனியே கேட்டுப் பிணைக்க வேண்டியிருந்தது. இறுதி வடிவில் அந்தச் செயற்கூறுகள் நீக்கப்பட்டு, கட்டமைப்பு ஒரு பஃபரின் (நினைவகத் தொகுதியின்) மீதே உருவாக்கப்படும்படி மாறியது. என்விடியா நீட்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இடைக்கால வடிவுக்கும் இறுதி வடிவுக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை அந்தப் பக்கத்தில் நீண்ட பட்டியல்களாகவே இருக்கின்றன. பழைய நிரலைப் புதிய வடிவுக்கு மாற்ற வேண்டியவருக்கு அந்தப் பட்டியலே போதிய வழிகாட்டி. இப்படி எழுதப்பட்ட ஆவணம் வரைகலை உலகில் அரிது.

ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மாற்றங்களின் பட்டியலை ஒருவர் ‘பதிப்பு வரலாறு’ என்ற தலைப்பின் கீழ்தான் எதிர்பார்ப்பார். இங்கே அது கேள்வி-பதில் வடிவில் சிக்கல்களின் நடுவே கிடக்கிறது. ஒரே காட்சியைப் பல பார்வைக் கோணங்களில் ஒருசேர வரைய உதவும் மல்டிவியூ போன்ற வேறு சில நீட்சிகளிலோ, பதிப்பு வரலாறு ‘உள் திருத்தங்கள்’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. எந்த நீட்சிக்கு எவ்வளவு வரலாறு எழுதப்படும் என்பது விதியால் அமையாமல், எழுதுபவரின் பொறுமையைப் பொறுத்து அமைந்திருக்கிறது என்ற எண்ணமே ஏற்படுகிறது.

இதைவிடப் பெரிய குறை செயற்கூறுகளின் தனிப்பக்கங்களில் உள்ளது. நிரலாளர்கள் பெரும்பாலும் நீட்சியின் முகப்பு வழியாக வருவதில்லை. செயற்கூறின் பெயரைத் தேடி நேரே அதன் பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். அங்கே, இந்தச் செயற்கூறை வழங்குவது எந்த நீட்சி என்று ஒற்றை வரி இருக்கிறது; எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்ற அறிவிப்போ நீட்சியின் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பெயரே இந்தக் குறையை ஈடுகட்டியது. 2017-இல் மல்டிவியூ நீட்சி ‘கேஹெச்எக்ஸ்’ என்ற பின்னொட்டோடு வந்தபோது, இறுதியிலிருந்த எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டதுமே அது சோதனை நிலையில் உள்ளது என்பது விளங்கியது. பழைய வரைகலை நிரலகமான ஓப்பன்ஜிஎல் காலத்து ‘எஸ்ஜிஐஎக்ஸ்’ பின்னொட்டிலிருந்து வந்த மரபு அது. பின்னர் அந்தப் பின்னொட்டு கைவிடப்பட்டது. 2020-இன் ரே டிரேசிங் செயற்கூறுகள் இடைக்கால நிலையிலேயே ‘கேஹெச்ஆர்’ என்ற முழுத் தகுதிப் பெயரோடு வெளிவந்தன. பெயரிலும் குறிப்பில்லை, பக்கத்திலும் குறிப்பில்லை என்றால், எச்சரிக்கையை அறிய வேண்டியவரே அதை அறியாமல் கடந்துபோகிறார். (பின்னொட்டு மட்டும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. காணொளி அட்டையின் நினைவக அளவை அறியும் என்விடியாவின் ஓப்பன்ஜிஎல் நீட்சி, ‘என்விஎக்ஸ்’ என்ற சோதனைப் பெயரை மாற்றிக்கொள்ளாமலே பரவலான பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.)

‘இடைக்காலம்’ என்ற ஒரே முத்திரை மிக வேறுபட்ட நிலைகளுக்குக் குத்தப்படுவதும் கவலைக்குரியது. ரே டிரேசிங் சில மாதங்களில் அந்த நிலையைக் கடந்தது. காணொளிச் சுருக்க நீட்சிகள் 2021-இல் இடைக்காலமாக வந்து, விரிப்புப் பகுதி 2022 டிசம்பரிலும் சுருக்கப் பகுதி 2023 டிசம்பரிலும் இறுதியாயின. வல்கனின் எல்லா வசதிகளையும் வழங்க இயலாத செயலாக்கங்களுக்காக 2020-இல் வந்த போர்ட்டபிலிட்டி சப்செட் நீட்சியோ ஆண்டுகள் பல கடந்தும் பீட்டா கோப்பிலேயே தங்கிவிட்டது. ஆப்பிளின் வரைகலை நிரலகமான மெட்டல் மீது வல்கனை இயக்கும் மோல்ட்டன்விகே போன்ற செயலாக்கங்களுக்கு இது இன்றியமையாதது. ஒரு சாதனம் இந்த நீட்சியை ஆதரிப்பதாகச் சொன்னால், பயன்பாடு இதைக் கட்டாயம் இயக்க வேண்டும் என்று விவரக்குறிப்பின் ஒரு விதி சொல்கிறது. இடைக்கால நீட்சிகளை வெளியீட்டு மென்பொருளில் பயன்படுத்தாதீர்கள் என்று அதே விவரக்குறிப்பின் இன்னொரு பகுதி சொல்கிறது. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்க வழியில்லை. நீட்சியின் பெயருக்கான மாறிலியும் பீட்டா கோப்பில்தான் இருக்கிறது என்பதால், அந்தக் கோப்பைச் சேர்க்க விரும்பாதவர்கள் பெயரை மேற்கோள் குறிக்குள் தாங்களே எழுதிச் சமாளிக்கிறார்கள். இந்த முரண்பாட்டை விளக்கி ஒரு பத்தி எழுதியிருந்தாலே போதும்.

வரைகலைச் செயலியே தனக்கான வேலைகளை வரிசைப்படுத்திக்கொள்ள உதவும் ஏஎம்டியின் ஷேடர் என்கியூ நீட்சி, ‘ஏஎம்டிஎக்ஸ்’ என்ற பின்னொட்டோடு பழைய மரபைப் பின்பற்றுகிறது. ஆனால் அதன் தற்காலிக நினைவகத்தைத் தயார்செய்யும் செயற்கூறு, பெயர் மாறாமல் கூடுதல் அளபுருக்களோடு திருத்தப்பட்டபோது, அதன் தனிப்பக்கம் புதிய வடிவத்தை மட்டுமே காட்டியது. பழைய வடிவத்தைப் பார்க்க விரும்புபவர் கிட் களஞ்சியத்தில் முந்தைய பதிப்பைத் தேடிச் செல்ல வேண்டும்.

சோதனைச் செயற்கூறு ஒன்றை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க இருப்பவர், நீட்சிப் பக்கத்தின் சிக்கல்கள் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்கலாம். ஏற்றுக்கொண்டபின் பதிப்புக்குப் பதிப்பு நிரலைப் பராமரிக்க வேண்டியவர், எக்ஸ்எம்எல் பதிவேட்டின் இரு பதிப்புகளை அருகருகே வைத்து வேறுபாடு பார்ப்பதே இப்போதைக்கு நம்பகமான வழி.