மளிகைக் கடைக் கல்லாவில் டேலி பிரைம்

எங்கள் மளிகைக் கடையில் பில் போட ஒரு மென்பொருளும் கணக்கு எழுத வேறொன்றும் இருந்த காலத்தில், திரையில் காட்டிய இருப்பு அலமாரியில் இருந்த சரக்கோடு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை என்பதால், இரண்டு வேலைகளையும் டேலி பிரைமுக்கே மாற்றினோம். பெங்களூரு நிறுவனத்தின் இந்த மென்பொருளில், விற்பனை வவுச்சர் (விற்பனையைப் பதியும் படிவம்) வகையை அமைக்கும்போது, கல்லாவில் பில் போடுவதற்கான பிஓஎஸ் வசதியை இயக்கிவிட்டால், ஒரே பில்லின் தொகையைப் பரிசுக் கூப்பன், கார்டு, காசோலை, ரொக்கம் எனப் பிரித்துப் பதியவும், வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய சில்லறையைத் திரையிலேயே காணவும் முடிகிறது.

பில்லைச் சேமித்த கணத்தில் சரக்கு இருப்பு குறைந்து, விற்பனைப் பேரேட்டிலும் ஜிஎஸ்டி கணக்கிலும் பதிவு ஏறிவிடுவதுதான் இதன் உண்மையான பலம்; விற்பனை விவரங்களை அரசுக்குத் தெரிவிக்கும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தைத் தயாரிக்க மாதக் கடைசியில் மறுபடியும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வரி விகிதத்தைச் சரக்குத் தொகுதி (பல பொருள்களைச் சேர்த்த குழு) அளவிலேயே அமைக்க முடிவதால், 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களின் விகிதம் மாறியபோது, ஒவ்வொரு பொருளாகத் திறந்து திருத்தும் வேலை எங்களுக்கு மிச்சமானது.

ஆனால் இது கணக்கருக்காகப் பிறந்த மென்பொருள். விசைப்பலகைக் குறுக்குவழிகள் அவருக்கு எளிதில் பழகிவிடும். கல்லாவில் புதிதாக நிற்பவருக்கு, படத்தைத் தொட்டுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் திரைகளே தோதானவை. இரண்டாவது கல்லா வைப்பதென்றால், ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சில்வர் உரிமம் போதாது. விலை கூடிய கோல்டு உரிமத்தைத்தான் வாங்க வேண்டும்.