விடுதிப் பெற்றோராக ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு: கிஜாபே முறையா, ஜோஸ் முறையா?

ஆப்பிரிக்காவில் மிஷனரிப் பிள்ளைகள் படிக்கும் உறைவிடப் பள்ளிக்கு விடுதிப் பெற்றோராக, அதாவது விடுதியில் அந்தப் பிள்ளைகளைப் பெற்றோர் இடத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர்களாகப் போகலாமா என்று யோசிக்கும் தம்பதிகள் முதலில் விசாரிப்பது விசா, பாதுகாப்பு, மாதச் செலவு. கேட்க வேண்டியவைதான். ஆனால் அந்தக் குடும்பத்தின் அன்றாடத்தை முடிவுசெய்வது வேறொன்று. விடுதி பள்ளியின் பொறுப்பில் வளாகத்துக்குள் நடக்கிறதா, இல்லை ஒரு மிஷன் சங்கம் தனியாக நடத்தும் வீடா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். சொந்தப் பிள்ளைகளோடு உள்ளே போய் வாழ்கிறவர்களுக்கு இரண்டும் வெவ்வேறு வாழ்க்கை.

வளாக விடுதிக்கு நல்ல உதாரணம் கென்யாவின் கிஜாபேயில் இருக்கும் ரிஃப்ட் வேலி அகாடமி. ஆப்பிரிக்கா இன்லண்ட் மிஷன் 1906இல் தொடங்கிய பள்ளி. நைரோபிக்கு வடமேற்கே, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், 7,000 அடிக்கு மேல் காற்றும் குளிருமாக இருக்கும் இடம். கீழே லாங்கனாட் எரிமலை தெரியும். அங்குள்ள கியம்போகோ கட்டடத்துக்கு 1909இல் அடிக்கல் நாட்டியவர் அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட். மிஷன் விடுதிக்கு நான் எடுத்துக்கொள்வது நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து ஹில்க்ரெஸ்ட் பள்ளி. 1942இல் சர்ச் ஆஃப் த பிரெத்ரன் மிஷன் தொடங்கி, பிறகு பல மிஷன்கள் சேர்ந்து நடத்தின. பள்ளி பொது, விடுதி மட்டும் அவரவருடையது. லூத்தரன், பாப்டிஸ்ட், கிறிஸ்தவ சீர்திருத்த சபை என்று ஒவ்வொரு மிஷனும் தன் பிள்ளைகளுக்குத் தனி வீடு வைத்திருந்தது. இன்று ஜோஸில் அந்த விடுதிகள் பழைய அளவில் இல்லை. ஆனால் முறை அங்கே மட்டும் இருந்ததல்ல. காங்கோ தலைநகர் கின்ஷாசாவின் அமெரிக்கப் பள்ளியில் படித்த மிஷன் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி மெதடிஸ்ட்–பிரெஸ்பிட்டேரியன் விடுதி ஒன்று இருந்தது.

வேலை எங்கே முடிகிறது?

கிஜாபே மாதிரி இடத்தில் விடுதிப் பெற்றோரின் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. சாப்பாடு பொது உணவுக்கூடத்தில். பாடம் ஆசிரியர்களிடம், விளையாட்டு பயிற்சியாளர்களிடம். காய்ச்சல் என்றால் பள்ளியிலேயே நர்ஸ் இருக்கிறார். கொஞ்ச தூரத்தில் கிஜாபே மிஷன் ஆஸ்பத்திரி. விடுதிக் கட்டடத்தோடு ஒட்டியபடி தம்பதியின் வீடு. நடுவில் ஒரு கதவு. காலையில் பிள்ளைகளை எழுப்பி, அறை சுத்தம் பார்த்து வகுப்புக்கு அனுப்பிவிட்டால் பகல் பொழுது ஓரளவு கையில் இருக்கும். மாலையில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது: படிக்கும் நேரம், விளக்கணைக்கும் நேரம், அதற்கு நடுவில் சமையலறை வாசலில் வந்து நின்று எதையோ சொல்லாமல் நிற்கும் பதினாலு வயதுப் பையன். இரவு பத்து மணிக்கு மேல் வரும் பேச்சுகள்தான் இந்த ஊழியத்தின் சாரம். அதற்குத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். பகலில் எல்லையிருந்தால்தான் அது மிஞ்சும்.

ஜோஸ் முறையில் அந்த எல்லை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வருவது வீட்டுக்கு. அந்த வீட்டின் எல்லாமே அந்தத் தம்பதியின் தலையில். ஜோஸ் மேட்டுநிலம் குளிர்ச்சியானது, உருளைக்கிழங்கும் காய்கறியும் நன்றாக விளையும், சந்தையில் வாங்கலாம். ஆனால் யாராவது போய் வாங்க வேண்டும். சமையல்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் சம்பளக் கணக்குப் பார்க்க வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல், தண்ணீர்த் தொட்டி, வண்டி ரிப்பேர். தந்தையாக இருக்க வந்தவர் பாதி நாள் மேனேஜராக இருப்பார்.

இதற்கு ஈடாகக் கிடைப்பதும் பெரியது. எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். கிஜாபேயில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு தட்டேந்தி வரிசையில் நிற்கும் பிள்ளை, இங்கே "இன்னும் கொஞ்சம் போடு ஆன்ட்டி" என்று கேட்கலாம். பத்து வயதும் பதினேழு வயதும் ஒரே கூரைக்குக் கீழே; அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளவும் முடியும். வளாக விடுதிகளில் வயது வாரியாக, ஆண் பெண் வாரியாகப் பிரித்துவிடுவதால் கூடப்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வது உணவுக்கூடத்தில்தான். விடுதியில் வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே மேசையில் தம்பி இருப்பது சின்ன விஷயமல்ல.

உங்கள் சொந்தப் பிள்ளை

இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. வீட்டில் இரண்டு பிள்ளை. கதவுக்கு அந்தப் பக்கம் பதினைந்தோ இருபதோ பிள்ளைகள். அந்த இருபது பேரின் அம்மா அப்பா தெற்கு சூடானிலோ காங்கோவிலோ சாடிலோ இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஏங்கும்போது உங்கள் மகள் தன் அம்மாவின் மடியில் உட்காரவே தயங்குவாள். நியாயமாக நடப்பதாக நினைத்து மற்றப் பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையைச் சொந்தப் பிள்ளையிடம் காட்டாமல் விடுகிற பெற்றோர் உண்டு. அதே தவறை இருவர் செய்தால் மகனுக்கு மட்டும் கூடுதல் தண்டனை. இதை ஊழியத் தியாகம் என்று பெயர் சொல்லி நியாயப்படுத்தக் கூடாது. அந்தப் பிள்ளை யாரிடமும் ஊழிய அழைப்புக் கேட்டு வாங்கவில்லை.

இந்த விஷயத்தில் கிஜாபே முறை தெளிவாகவே மேல். நடுவில் இருக்கும் அந்தக் கதவைச் சாத்த முடியும். வாரத்தில் ஒரு மாலை இன்னொருவர் பொறுப்பெடுக்க, குடும்பம் தனியாகச் சாப்பிட முடியும். எல்லாவற்றையும்விட அந்தப் பள்ளியின் ஆண்டு அமைப்பு உதவுகிறது: சுமார் மூன்று மாதம் பள்ளி, பிறகு ஒரு மாதம் விடுமுறை என்று ஆண்டுக்கு மூன்று சுற்று. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் பிள்ளைகள் பஸ்ஸிலும் சிறு விமானங்களிலும் அவரவர் பணித்தளத்துக்குப் போய்விடுவார்கள். விடுதி காலி. அப்போது உங்கள் மகனுக்கு அவன் அப்பா முழுசாகக் கிடைப்பார். மிஷன் விடுதிக்கும் விடுமுறை உண்டு. ஆனால் கட்டடம், கணக்கு, ஆட்கள் என்று எல்லாம் ஒரே தம்பதியிடம் இருப்பதால் அந்த நாட்களும் வேலையாகவே கரைந்துபோகும். மாற்றுத் தம்பதி இல்லாத மிஷன் விடுதிக்குச் சிறு பிள்ளைகளோடு யாரும் போகக் கூடாது என்றே சொல்வேன்.

யாரிடம் சொல்லலாம்?

மேலே சொன்னவை சௌகரியத்தைப் பற்றியவை. இனிச் சொல்வது அதைவிட முக்கியம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் மாமூ என்ற ஊரில் கிறிஸ்தவ மிஷனரி கூட்டணி ஒரு பள்ளி நடத்தியது, 1971இல் மூடப்பட்டது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அங்கே இருந்தார்கள். பெரியவர்களாகிப் பல ஆண்டுகள் கழித்து அவர்கள் வாய் திறந்தபோது வெளிவந்தது அடி, அவமானம், பாலியல் கொடுமை. 1990களின் பிற்பகுதியில் சபை நியமித்த சுயாதீன விசாரணைக் குழு அந்தச் சாட்சியங்களைக் கேட்டு, அவை உண்மை என்று அறிக்கை தந்தது. அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளில் பிள்ளைகள் ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவது வழக்கம். விடுதிப் பெரியவர்கள் படித்துவிட்டுத்தான் அது தபாலில் சேரும் என்றால், அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? அப்பாவிடம் சொன்னால் அவர் ஊழியம் கெட்டுவிடும், கெட்டால் ஆத்துமாக்கள் அழியும் என்று பிள்ளையே நினைக்கும்படி வளர்த்திருந்தார்கள்.

2021இல் ஹில்க்ரெஸ்ட்டின் பழைய மாணவர்களும் தங்களுக்கு நடந்தவற்றை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஆகவே சிறிய விடுதி என்பதால் பாதுகாப்பு, குடும்பம் போன்றது என்பதால் பாதுகாப்பு என்று நான் நம்பத் தயாரில்லை. தனி வீட்டில், ஒரே தம்பதியின் கையில் சாப்பாடு, தண்டனை, ஃபோன், வண்டி எல்லாம் இருக்கும்போது தப்பு நடந்தால் பார்க்க வேறு கண் இல்லை. வளாகத்தில் கண்கள் அதிகம்: ஆசிரியர், நர்ஸ், கோச், பக்கத்து விடுதித் தம்பதி. அதனால் அங்கே தவறே நடக்காது என்று அர்த்தமில்லை. நடந்தால் சொல்ல இன்னொரு கதவு இருக்கிறது, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" ஒரு பிள்ளைக்கு எல்லாமாகவும் ஆகலாம்.

நல்ல எண்ணத்தோடு போகும் தம்பதிக்கு இந்தப் பேச்சு கசக்கும். "எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று கேட்பார்கள். ஆமாம், எல்லோரையும் ஒரே மாதிரி சோதிக்கும் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பின்னணி விசாரணை இல்லாமல், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல், "நீங்கள் ஜெபிக்கிறவர்கள், வாருங்கள்" என்று உடனே கூப்பிடும் இடம் உங்களுக்கும் நல்லதல்ல.

நாட்டில் கலவரம் வந்தால் எது மேல்? இதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2002 செப்டம்பரில் ஐவரி கோஸ்ட்டில் கிளர்ச்சி வெடித்தபோது புவாகே நகரத்து சர்வதேச கிறிஸ்தவ அகாடமியில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிக்கிக்கொண்டார்கள்; சில நாள் கழித்துப் பிரெஞ்சு ராணுவம் வந்து மீட்டது. பெரிய வளாகம் அது. ஜோஸிலும் 2001 முதல் பல முறை மதக் கலவரம். வெளியேற்றத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது வழி

விடுதியே வேண்டாம் என்று முடிவெடுத்த பள்ளியும் உண்டு. மென்னோனைட் மிஷன் 1947இல் தான்சானியாவில் தொடங்கிய சிறு பள்ளி 1967இல் நைரோபிக்கு இடம்மாறி ராஸ்லின் அகாடமி ஆனது. இன்று அது பகல் பள்ளி. பெற்றோர் நைரோபியில் இருக்க வேண்டும், அல்லது பிள்ளைக்காக ஊழியத்தை நகரத்துக்கு மாற்ற வேண்டும். இதை விசுவாசக் குறைவு என்று முன்பு பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இதுதான் சரி. ஜாம்பியாவின் வடமேற்கு மூலையில் 1925 முதல் நடக்கும் சகேஜி மாதிரி சின்னப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகளில் அன்பான மனிதர்கள் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். அன்பு இருந்தாலும் அந்த வயதுக்கு அம்மா வேண்டும். வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க இணையப் பாடங்கள் வந்துவிட்ட காலத்தில் அதற்கு மறுப்பும் குறைந்துவிட்டது.

பதிமூன்று, பதினாலு வயதுக்கு மேல் கதை மாறுகிறது. சாடில் ஒரு கிராமத்தில் தன் வயதில் தன் மொழியில் பேச ஒருவரும் இல்லாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கிஜாபே ஒரு விடுதலையாகவே இருக்கலாம். ரக்பி, பாட்டுக்குழு, அறைத்தோழி, சண்டை, சமாதானம். அந்த வயதுக்கு நல்ல விடுதிப் பெற்றோர் உண்மையான வரம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது தூரத்து விஷயமும் அல்ல. கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி நமக்குத் தெரியும். அதைவிட நெருக்கமாக, வட இந்தியாவில் ஊழியம் செய்யும் "நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு" என்ற மிஷன் அமைப்பின் மிஷனரிகளுடைய பிள்ளைகள் டோனாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். நம் சபைகளில் அந்த விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக எத்தனை பேர் ஜெபிக்கிறோம்? முன்னணியில் நிற்கும் சுவிசேஷகருக்கும் டாக்டருக்கும் காணிக்கை சுலபமாக வருகிறது. விடுதிப் பெற்றோர் ஆதரவு திரட்டப் போனால், "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவா அவ்வளவு தூரம்?" என்று கேட்கிறார்கள். ஒரு தம்பதி இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் தங்கள் பணித்தளத்தில் நிலைக்கின்றன. கிஜாபே மாதிரிப் பள்ளிகளில் ஊழியர்கள் பெரும்பாலும் தங்கள் ஆதரவைத் தாங்களே திரட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்பதால், சபை புரிந்துகொள்ளாவிட்டால் அந்த வீடு காலியாகவே கிடக்கும்.

ஆக, என் தேர்வு வளாக விடுதி. அதுவும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான விடுதி. ஒரு தம்பதிக்குப் பதினைந்து பேருக்கு மேல் இல்லாமல், வாராந்திர ஓய்வு எழுத்தில் இருந்து, பிள்ளைகள் சென்று முறையிட விடுதிக்கு வெளியே ஒருவர் இருந்தால் தயங்காமல் போகலாம். உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டு நிர்வாகம் உங்களுக்குப் பிடிக்கும், மாற்றுத் தம்பதியும் இருக்கிறார்கள் என்றால் மிஷன் விடுதியின் அந்த ஒரே மேசைக்கு ஈடு வேறெங்கும் கிடைக்காது. பதினைந்து பேர் என்பது அங்கே பத்தாகக் குறைய வேண்டும்.

எதற்குப் போனாலும் ஓராண்டு இரண்டாண்டு என்று போகாதீர்கள். இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நாடு, மொழி, தாத்தா பாட்டி, நண்பர்கள் என்று பிரிந்து பிரிந்து வந்தவர்கள். ஒன்பதாம் வகுப்பில் உங்களிடம் வரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அதே கதவைத் தட்டும்படி, நான்கு ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுங்கள்.