துசேனும் தெசலினும்: ஒரே புரட்சி, இரு நினைவுகள்

பிரான்ஸின் கரீபியன் காலனியாக இருந்த ஹெய்ட்டியின் அடிமைப் புரட்சி என்றால் வெளியுலகம் முதலில் துசேன் லூவர்த்தூரைத்தான் சொல்கிறது. நிதானமானவர், வெள்ளைத் தோட்ட முதலாளிகளையும் அரவணைத்தவர். அவரைச் சிறைப்பிடித்து, 1803இல் ஜூரா மலைக் கோட்டையின் குளிரில் சாகவிட்ட பிரான்ஸே 1998இல் தன் தேசத்தின் பெரியோர்களைப் போற்றும் பாரிஸ் பாந்தியனில் அவருக்குக் கல்வெட்டு வைத்தது.

அதே புரட்சியின் இன்னொரு தளபதியான தெசலினுக்கு அந்த மரியாதை இல்லை. நெப்போலியனின் படையை 1803 நவம்பரில் வெர்த்தியேரில் முறியடித்து, 1804இல் விடுதலையை அறிவித்தவர் அவர். அதே ஆண்டு பிரெஞ்சு வெள்ளையரைக் கொல்ல உத்தரவிட்டவரும் அவரே. அயலார் கொலையை மட்டும் நினைவில் வைத்தார்கள். ஹெய்ட்டியர்களோ தேசிய கீதத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். ஹெய்ட்டியின் நாட்டார் சமயமான வோடூவின் வழிபாட்டில் அவர் தெய்வம்.

அந்தப் படுகொலையை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் விடுதலை பெற்றவர்களைக் கட்டாயத் தோட்டவேலைக்கே திருப்பிய துசேனை மட்டும் 'சாந்தமானவர்' என்று கொண்டாடுவதையும் ஏற்க மனம் வரவில்லை.