மேப்பிங் இன்ஈக்வாலிட்டி: கடன் வரைபடத்தில் தெரியும் இனவெறி

அமெரிக்க நகரங்களில் கறுப்பர்கள் ஒரு பக்கம், வெள்ளையர்கள் ஒரு பக்கம் என்று எப்படிப் பிரிந்தார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் இந்த இணையதளத்தைத்தான். இலவசம். 1930களில் ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன் என்ற, வீட்டுக்கடன் தரும் அரசு நிறுவனம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைந்த வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தி வைத்திருக்கிறார்கள். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறம். பச்சைப் பகுதிக்கு நம்பிக் கடன் கொடுக்கலாம், சிவப்பு என்றால் ஆபத்து.

நிறத்தைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். ஒரு பகுதியைத் தொட்டால் அதன் மதிப்பீட்டுப் படிவம் திறக்கும், தளத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வீடுகள் எத்தனை வருடப் பழசு, வாடகை எவ்வளவு என்று கேட்கிற அதே படிவத்தில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை சதவீதம், கறுப்பர்கள் இருக்கிறார்களா, புதிதாக யாராவது ஊடுருவுகிறார்களா என்றும் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் பாயில் ஹைட்ஸ் படிவத்தை அவசியம் படியுங்கள். யூதர், மெக்சிகர், ஜப்பானியர், இத்தாலியர் எல்லாம் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த இடம் அது. அப்படிக் கலந்து வாழ்ந்ததையே குறையாக எழுதி, நாட்டுக்கு ஆகாத இனங்கள் மண்டிக் கிடக்கும் இடம் என்கிற தொனியில் 1939இல் சிவப்பு அடித்துவிட்டார்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது.

ஒரு குறையும் உண்டு. அவசரமாகப் பார்க்கிறவர்கள் இந்த வரைபடங்களே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. உண்மையில் அந்த நிறுவனம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடம் வருவதற்கு முன்பே கொடுத்து முடித்திருந்தது. 1934இல் வந்த ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற இன்னொரு அரசு அமைப்பு செய்த கேடுதான் பெரிது. வங்கிகள் தரும் வீட்டுக்கடன் திரும்ப வராமல் போனால் ஈடுகட்டும் காப்பீட்டைத் தருவது அதன் வேலை. கறுப்பர் பகுதிகளில் அந்தக் காப்பீட்டைத் தர மறுத்தது, இனம் பார்த்து வீடு விற்கும் நிபந்தனைகளைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லித் தன் கையேட்டிலேயே பரிந்துரைத்தது. டெட்ராய்ட்டில் 1941இல் கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஒருவர், அந்தக் காப்பீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக நடுவில் 6 அடி உயரத்துக்கு, ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்கு கான்கிரீட் சுவரே எழுப்பினார். வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஃபேர் ஹவுசிங் சட்டம் வர 1968 ஆனது. அதனால் தளத்தின் அறிமுகக் கட்டுரையைப் படித்துவிட்டு, அப்புறம் வரைபடத்துக்குப் போவது நல்லது.

போனில் பார்க்காதீர்கள், பெரிய திரை வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தரவைத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

எந்த நகரத்தில் ஆரம்பித்தாலும் சரி, பச்சைப் பகுதியின் படிவம் ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். கறுப்பர்கள் வீடு வாங்க முடியாதபடி பத்திரத்தில் தடை இருப்பதை, பல இடங்களில் அந்தப் பகுதியின் சிறப்பு என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.