கோடை வார இறுதி: பூங்காவா, நீச்சல் குளமா, ஏசி அரங்கமா, மொட்டை மாடியா?

வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு எங்கே?" என்று ஒருவர் கேட்டதும் நான்கு பதில்கள் வரும். பூங்கா, நீச்சல் குளம், ஏசி உள்ள ஏதாவது ஓர் இடம், யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி. நான்கும் நல்ல இடங்கள்தான். ஆனால் எல்லோரும் இடத்துக்கு ஓட்டுப் போடுகிறார்கள். நாளைக் கெடுப்பது பெரும்பாலும் நேரம். காலை 7 மணிக்கு விட்டு எழுந்திருக்கவே மனம் வராத அதே மர நிழல் 11 மணிக்கு ஆளை விரட்டும். மாலை 6 மணிக்கு ஆசையாக ஏறும் மாடி, பகல் முழுக்கக் குடித்த வெயிலை அப்போது கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஆறிலிருந்து எட்டுப் பேர் சேரும் கூட்டத்துக்கு எது ஏற்றது என்பதைக் கடிகாரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

பூங்கா: காலை 6.30 முதல் 9.30 வரை

இந்த மூன்று மணி நேரத்தில் பூங்காவுக்கு எதிரே மற்ற மூன்றும் நிற்க முடியாது. இரவெல்லாம் ஆறிய தரை, சூரிய உதயத்தை ஒட்டிய குளிர்ந்த காற்று, சாய்வான வெயில். மரம் நிழல் தருவதோடு இலைகள் வழியே நீராவியையும் விடுகிறது. வெயிலில் காயும் தரையின் உச்ச சூட்டோடு பார்த்தால், நிழலில் உள்ள தரை 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருக்கலாம். காற்றின் வெப்பநிலை அவ்வளவு இறங்காது. ஆனால் பாய் விரித்து உட்காருகிறவர்களுக்குத் தரைதான் முக்கியம்.

பாயை எங்கே போடுவது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். காலையில் நிழல் மரத்துக்கு மேற்கே நீண்டு கிடக்கும். நேரம் ஏற ஏற அடிமரத்தை நோக்கிச் சுருங்கும். நிழலின் ஓரத்தில் இடம் பிடித்தால் சிறிது நேரத்தில் எல்லாச் சாமான்களோடும் நகர வேண்டிவரும். காலையில் அடிமரத்தை ஒட்டியே உட்காருங்கள். மாலையில் மரத்துக்குக் கிழக்கே போடுங்கள்; அப்போது நிழல் வளரும். கிளம்ப வேண்டிய நேரத்தைச் சொல்ல செயலி எதுவும் வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் வெயில் முற்றிவிட்டது என்று பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களின் கடுமையைச் சொல்லும் எண்ணான புற ஊதாக் குறியீடு 3 ஆனாலே தொப்பியும் சன்ஸ்கிரீனும் தேவை. 8 என்றால் மிகக் கடுமை.

பூங்கா சந்திப்பின் உயிர்நாடி ஐஸ் பெட்டி. இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 1 கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. 30 டிகிரியில் இருக்கும் 8 லிட்டர் பானத்தை 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய இரண்டரை கிலோ ஐஸ் தீர்ந்துவிடும். கடையில் வாங்கிய பாட்டில்களை அப்படியே பெட்டியில் போட்டால், பூங்காவுக்குப் போய்ச் சேரும்போது ஐஸ் பாதியாகியிருப்பது இதனால்தான். பானங்களை முந்தைய இரவே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அந்த இரண்டரை கிலோ அப்படியே மிச்சம். சில்லு ஐஸ் சீக்கிரம் குளிரூட்டும், சீக்கிரம் கரையும். நெடுநேரம் தாங்க வேண்டுமென்றால் 1 லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறைய வையுங்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் கழுத்து வரை நிரப்பாதீர்கள். பெட்டியில் சேரும் ஐஸ் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். பாட்டிலைச் சுற்றி நிற்கும் குளிர்ந்த நீர், குளிர்ந்த காற்றைவிட வேகமாக வேலை செய்யும். சாப்பாடு மட்டும் அதில் நனையாமல் மூடிய டப்பாவில், மேல்தட்டில் இருக்கட்டும்.

வெட்டிய பழம், தயிர் அல்லது முட்டை சேர்ந்தது, சமைத்த இறைச்சி ஆகியவை 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே இருக்கும் நேரத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. வெளியே எடுத்து வைத்தால் 2 மணி நேரம்தான் கெடு. வெளிவெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி நேரம். "வாசனை நன்றாகத்தானே இருக்கிறது" என்று மூக்கை நம்ப வேண்டாம். நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு வாடையே கிடையாது.

நீச்சல் குளம்: மாலை 4 மணிக்கு மேல்

உடம்பு குளிர்வதற்கு இதைவிட நல்லது இல்லை. பேச்சுக்கு இதைவிட மோசமானதும் இல்லை. புதிதாகச் சேர்ந்த நண்பரைக் குழுவோடு பழக வைக்க வேண்டுமென்றால் குளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வருபவர்களில் ஒருவருக்கு நீந்தத் தெரியாவிட்டாலும் அவர் ஓரத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நுழைந்ததும் ஆழமான முனைக்குப் போய்க் குனிந்து பாருங்கள். அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இறங்காதீர்கள். மூழ்குகிறவரையும் அந்தத் தண்ணீரில் யாராலும் பார்க்க முடியாது. மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி சுத்தத்தின் அடையாளம் என்று நினைப்பது தவறு. குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரிந்து உண்டாகும் குளோரமைன்களின் நெடி அது. இறங்கும் முன் ஒவ்வொருவரும் 1 நிமிடம் ஷவரில் நின்றாலே அந்த அழுக்கில் பெரும்பகுதி போய்விடும்.

தண்ணீருக்குள் வெயில் படாது என்பதும் பொய்த் தைரியம். அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 40 சதவீதம் இருக்கும். சன்ஸ்கிரீனை 20 நிமிடம் முன்பே பூச வேண்டும். முழு உடம்புக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையக் கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும், துண்டால் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும்.

யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். மூச்சுவிடத் தூண்டுவது ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதுதான். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அந்த வாயு குறைந்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்தாலும் உடல் எச்சரிக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரே சத்தமின்றி மயங்கிப்போவது இப்படித்தான்.

ஏசி அரங்கம்: 11 முதல் 4 வரை

நடுப்பகலுக்கு வேறு நியாயமான வழி இல்லை. அதற்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. திரையரங்கில் வரிசையாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு வருவீர்கள். அருங்காட்சியகம் மேல், நடந்துகொண்டே பேசலாம். ஆனால் எல்லாக் கூடங்களையும் பார்த்துத் தீர்க்க நினைத்தால் கால் துவண்டுவிடும். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916லேயே அருங்காட்சியக அயர்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு கூடங்கள், பிறகு உட்கார ஓர் இடம் என்ற அளவே சரி. வியர்த்த சட்டையோடு குளிருக்குள் நுழைந்தால் நடுங்கும்; மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

எட்டுப் பேருக்கு ஒரே மேஜை கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். ஒரே உரையாடலில் நான்கு பேருக்கு மேல் நிலைப்பது அரிது என்று உளவியலாளர் ராபின் டன்பரும் உடனிருந்த ஆய்வாளர்களும் 1995இல் காட்டினார்கள். நான்கு பேர் மேஜை இரண்டை அருகருகே பிடித்து, பாதி நேரத்தில் ஆள் மாறி உட்காருங்கள்.

பெரிய நகரத்தில் தொலைவை நிமிடத்தால் அளக்க வேண்டும். எட்டுப் பேரின் சராசரிப் பயணத்தைப் பார்க்காதீர்கள், மிக நீண்ட பயணம் யாருடையது என்று பாருங்கள். ஏழு பேர் 20 நிமிடத்தில் வர, ஒருவர் மட்டும் 80 நிமிடம் பயணித்தால், மூன்றாவது வாரம் அவர் வரமாட்டார். எல்லோருக்கும் 40 நிமிடம் ஆகும் இடம், சுமாரான இடமாக இருந்தாலும், அதைவிட மேல்.

மொட்டை மாடி: இரவு 8.30க்குப் பிறகு

செலவே இல்லாதது, யாரும் எழுந்து போகச் சொல்லாதது, வட்டமாக உட்கார முடிவது. நெருங்கிய நண்பர்களுக்கு இதுதான் எங்கள் தேர்வு. அவசரப்பட்டு ஏறினால் மட்டும் வீண். நகரத்தின் கல்லும் கான்கிரீட்டும் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் வெளிவிடும். லண்டன் நகரம் இரவில் சுற்றுப்புறக் கிராமங்களைவிட வெப்பமாக இருப்பதை வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து எழுதினார்.

சூரியன் மறைந்ததும் தளத்தில் தண்ணீர் தெளியுங்கள். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூலை எடுத்துக்கொள்ளும். 1 கிலோ ஐஸ் உருகுவதைப்போல ஏழு மடங்கு. இரண்டு வாளி போதும், தேங்க விடாதீர்கள். ஈரப்பதம் மிகுந்த, காற்றே இல்லாத இரவில் இது பலிக்காது, புழுக்கம்தான் கூடும். அன்று மின்விசிறியை மேலே கொண்டு போங்கள். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருந்தால் மின்விசிறி உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

கைப்பிடிச் சுவரில் யாரையும் உட்கார விடாதீர்கள். கோடை இடிமழை இருட்டிக்கொண்டு வந்தால், மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணுங்கள்; 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர் தொலைவு. 30 விநாடிக்குள் இடி கேட்டால் பாய், தலையணை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு ஏறினால், மழை கழுவிய தளம் குளிர்ந்திருக்கும்.