ஐஸ் சின்னதாக வந்தால் உடனே "கேஸ் போச்சு" என்று நம்பாதீர்கள்

வீட்டு ஐஸ் மேக்கர் ஒன்றில் கட்டிகள் மெலிந்து, ஓடுபோல வர ஆரம்பித்தன. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் 'தண்ணீர் ஊற்றவும்' விளக்கு எரிந்தது. வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்ததோடு சரி. "கேஸ் இறங்கிடுச்சு, ஏத்தணும்" என்றார்; ஏற்றிவிட்டுக் காசும் வாங்கிக்கொண்டார். பத்தே நாளில் மறுபடி அதே விளக்கு. கடைசியில் பார்த்தால், பம்புக்குத் தண்ணீர் போகும் சல்லடை முழுக்க வெள்ளை உப்பு! அதைக் கழுவியதும் சரியாகிவிட்டது.

கேஸ் என்பது குளிரவைக்கும் வாயு; சீல் வைத்த குழாய்க்குள்ளேயே சுற்றுவது. கசிவு இல்லாமல் குறையாது. கசிவை அடைக்காமல் ஏற்றினால் அதுவும் வெளியேறிவிடும். "வருஷா வருஷம் ஏத்தணும்" என்பது அப்பட்டமான பொய். கேஸின் எடை பார்க்கும் தராசும், குழாயிலுள்ள காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பும் இல்லாமல் வருகிறவரைக் குழாயில் கைவைக்க விடாதீர்கள். பல மெஷின்களில் இருப்பது ஆர்600ஏ என்ற கேஸ். அது தீப்பற்றும் வாயு, சில பத்து கிராம்தான் பிடிக்கும்.

கூப்பிடும் முன் நீங்களே பாருங்கள். மெஷினை ஓடவிட்டு, தண்ணீரில் முங்கும் உலோக விரல்களைக் கவனியுங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் எல்லா விரலிலும் ஒரே அளவில் ஐஸ் பிடித்தால் கேஸ் நன்றாகவே இருக்கிறது. கம்ப்ரஸர் ஓடியும் விரல்கள் சில்லிடவில்லை, அல்லது ஓரிரண்டில் மட்டும் பிடிக்கிறது என்றால்தான் கேஸைச் சந்தேகிக்கலாம். முதல் இரண்டு மூன்று சுற்று ஐஸ் எப்போதுமே சின்னதாகத்தான் வரும்.

கழுவும் முறை: பிளக்கைப் பிடுங்கி, அடியிலுள்ள டிரெயின் மூடியைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். சல்லடையைக் கழற்றிப் பழைய டூத் பிரஷால் தேய்த்து மாட்டி, டிரெயினை மூடிவிட்டுப் பிளக்கைச் சொருகுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் (எலுமிச்சை உப்பு) கரைத்து ஊற்றி, கிளீன் பட்டன் இருந்தால் அதில் ஓட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு சுற்று ஐஸ் எடுத்து, அந்த ஐஸைக் கொட்டிவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படும். பின்பக்கத் தகடுகளில் சேரும் தூசியையும் பிரஷால் தட்டிவிடுங்கள். அது அடைத்தாலும் ஐஸ் மெலியும்.

சர்வீஸ் என்ற பெயரில் கழிவறை ஆசிடை ஊற்றித் தேய்க்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். விரல்களின் நிக்கல் பூச்சு உரிந்து ஐஸில் கலக்கும். உரிந்த பூச்சை வீட்டில் திரும்பப் பூச வழியில்லை. பிளீச்சிங் திரவத்தோடு ஆசிடோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலுக்கே ஆபத்து.

இதற்குப் பிறகும் கேஸ்தான் என்று சொன்னால், கசிவு எந்த இடத்தில் என்று சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிராம் ஏற்றினார் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.